பூச்சு எண் பதினேழு

பதினாறு தோற்றபின்
இதற்கு நான் பெயர் வைக்கவில்லை.
எண் மட்டும்.
சிலிக்கோன் குழாய். அதன் உள்ளும் புறமும்
தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாத
ஒரு மெல்லிய தோல்.

கோணேசபுரியில் எங்கள் ஆய்வுகூடத்து யன்னல்
கடலைப் பார்க்காது. ஜெனரேற்றரைப் பார்க்கும்.
அங்கே நின்று செயற்கைச் சிறுநீர் கலக்குகிறேன்:
யூரியா, உப்பு, கொஞ்சம் கல்சியம்,
சமையல் குறிப்புப் போலத்தான்,
ருசி பார்ப்பது மட்டும் இல்லை.
முப்பத்தேழு பாகைச் சூட்டில்
சொட்டுச் சொட்டாய் அது நிரம்பும்
கண்ணாடியில் ஊதிய ஒரு சிறுநீர்ப்பையில்:
யாருடையதும் அல்லாத,
வெட்கப்படத் தெரியாத பை.

பிறகு கிருமியை விடுவேன்.
புரோட்டியஸ் தட்டில் பரவும் அழகை
ஒருநாள் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உட்துறைமுகத்தில் யாரோ கல்லெறிந்ததுபோல்
வளையத்துக்கு வெளியே வளையம்.
கல்லைத்தான் காணவில்லை.

ஏழாம் எண்ணுக்கு வெள்ளி பூசியிருந்தேன்.
நாலு நாள் ஒன்றையும் அண்டவிடவில்லை அது;
நிலாவெளி பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.
ஐந்தாம் நாள்
செத்தவற்றின் உடல்களே பாயாய் விரிய
அதன்மேல் வந்து குந்தின உயிருள்ளவை.
கொல்வது இலகு.
கொன்றதை எங்கே வைப்பதென்று
யோசித்திருக்கவில்லை.
இந்த ஊரில் இருந்துகொண்டு
யோசித்திருக்க வேண்டும்.

ஆகவே பதினேழு யாரையும் கொல்லாது.
ஒட்டவிடாது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமைகளில் பெரியாஸ்பத்திரிக்குப் போவேன்,
கழற்றிய குழாய்களை வாங்க.
சட்டப்படி கையெழுத்து, மூடியிட்ட போத்தல், பனிக்கட்டிப் பெட்டி.
ஆறாம் கட்டிலில் கிண்ணியா அலியார்.
முப்பத்தொரு வயது; சாரம் சரிந்து விழுந்ததில்
இடுப்புக்குக் கீழே ஒன்றும் அவர் சொல் கேட்பதில்லை.
இந்த வருடத்தில் இது நாலாவது காய்ச்சல்.
"மகள் கேக்கிறா மிஸ்,
வாப்பாக்கு எப்ப வால் முளைச்சதெண்டு."
சிரித்தார். பல் கிடுகிடுத்தது.
பையில் நின்றது
கலங்கிய தேநீர் நிறத்தில் அவருடைய இரவு.

தாதி சுகிர்தமலரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி.
காலையில் டொக்டர் வரும்போது
கட்டில் கட்டிலாய் ஒரே கேள்வி கேட்பாளாம்:
"இவருக்கு இது இன்னும் வேணுமா?"
போன மாதம் மட்டும் ஒன்பது குழாய் கழற்றினாளாம்.
காய்ச்சல் பாதியாய்க் குறைந்ததாம்.
கொப்பியைத் திருப்பிக் காட்டினாள், சிவப்பு மையில்.
"உங்கட பூச்சு நல்லாத்தான் இருக்கும்.
எண்டாலும் போடாத குழாயில
ஒண்டும் ஒட்டாது, மிஸ்."

ஆறு வருடம், பதினேழு பூச்சு,
ஒரு நிராகரிக்கப்பட்ட கட்டுரை.
வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை நக்கிக்கொண்டு நின்றது.
கோபம் வரவில்லை. வந்தது பொறாமை.

ஆனால் ஆறாம் கட்டிலுக்கு
அவளுடைய கேள்வியின் பதில்
எப்போதும் 'ஓம்'தான்.

பதினொராம் நாள்.
குழாயை நீளவாக்கில் பிளந்தேன்.
சுவர் சுத்தம். மழை கழுவிய சீமெந்துபோல்
ஒரு மூச்சும் இல்லை அதில்.
விரல் நடுங்க நுனிவரை நகர்த்தினேன்.
நுனியில்,
சிறுநீர் உள்நுழையும் அந்தச் சின்னக் கண்ணைச் சுற்றி
வெள்ளைப் பளிங்கு, பல்லுப் பல்லாய்,
பாதி வழியை அடைத்துக்கொண்டு.

மெஷின் கண்ணைக் குத்திய இடத்தில்
விளிம்பு கிழிந்திருக்கிறது.
கிழிந்த இடத்தில் என் தோல் பிடிக்கவில்லை.
பூசியபின் குத்தியிருக்கிறோம்.
இவ்வளவு நாளும்
பூசியபின் குத்தியிருக்கிறோம்!

வியாழன் அலியாருக்குக் குழாய் மாற்றுவார்கள்.
வழமையானது; பூச்சில்லாதது.
என்னுடையது அவரிடம் போக
இன்னும் எத்தனை வருடமோ,
எத்தனை கையெழுத்தோ.

கொப்பியில் எழுதினேன்: பதினெட்டு.
முதலில் கண். பிறகு பூச்சு.
கரன்ற் போனது.
யன்னலுக்கு வெளியே ஜெனரேற்றர் இருமி இருமி
எழும்பும்வரை
இருட்டில் நின்றேன், யூரியாப் போத்தலும் கையுமாக.