ஆள் தெரியவில்லை

போட்டோக் கொப்பி ஒரு பக்கம் இருபது ரூபா,
கேம் அரை மணித்தியாலம் நூறு.
மல்லாவியில் என் கடைக்கு இரண்டு தொழில்,
ஒரு மின்விசிறி.

சனிக்கிழமை வாக்குவாதம்.
விதுசன் சொன்னான்:
"தண்ணியைப் பாருங்கோ அக்கா.
முந்தின கேமில தண்ணி வெறும் நீலப் பெயின்ற்.
இதில அலைக்குள்ள வெளிச்சம் உடையுது.
புதுசெண்டால் உதுதான்."
வவுனிக்குளத்தில் முழுகிவிட்டு நேரே வந்தவன்,
காதோரம் இன்னும் பாசி.

டிலக்சன் விடவில்லை.
"தண்ணி வடிவுதான். அதுக்குள்ள நீ என்ன செய்யிறாய்?
பழையபடி ஓடுறாய், சுடுறாய், சாகிறாய்,
பழையபடி எழும்புறாய்.
பட்டனே இல்லாமல் விளையாடிப் பார்,
அப்ப கதைப்பம்."

அந்தக் கதைக்காகத்தான் கடன்பட்டு
கொழும்பிலிருந்து கமெரா எடுப்பித்தேன்.
ரீவீக்கு மேலே பல்லிபோல் ஒட்டிக்கொண்டு
ஆளின் அசைவைப் படிக்கும்.
கை வீசினால் திரையிலும் கை வீசும்,
குனிந்தால் குனியும்.
என்னைக் கேட்டால்
சட்டியை மினுக்கினாலும் அகப்பையை மாற்றினாலும்
உள்ளே அதே பருப்பு.
கடைக்காரி இதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது.

நிருபன் வந்தான்.
அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறவன்.
இடது சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருப்பான்.
பழைய கொன்ட்ரோலரை முழங்கால்களுக்குள் இறுக்கி
நாடியால் ஒரு பட்டன், பெருவிரலால் நாலு.
அவனிடம் தோற்காத ஆள் இந்தக் கடையில் இல்லை.
"புது முறையோ?" என்றான்.
"நான் கேமுக்கு ஒண்டு கண்டுபிடிக்கிறன்,
எனக்கு ஆர் விருது தந்தது?"
எல்லாரும் சிரித்தோம்.
சிரிப்போடேயே கமெராவின் முன்னால் போய் நின்றான்.

திரை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
ஓ.எல்லில் ஆங்கிலம் பி எடுத்தவள் நான்தானே.
வாசித்துச் சொன்னேன்:
"ரெண்டு கையையும் உயர்த்தட்டாம்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

நான் முடிக்க முன்பே
நிருபனின் வலது கை மேலே போயிருந்தது,
விரல்கள் விரிந்து, உள்ளங்கை வெளியே தெரிய.
விளையாட வந்தவனின் கை அப்படிப் போகாது.
கொப்பி எடுக்க நின்ற மனிசி
அடையாள அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.
சின்னப் பொடியள் மட்டும்
ஏன் தொடங்கேல்லை, ஏன் தொடங்கேல்லை என்று.

திரை காத்திருந்தது.
காத்திருந்து ஒரு வரி எழுதியது:
ஆள் தெரியவில்லை.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சாருகன், ஏழாம் வகுப்பு,
பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் பின்னால் போட்டு ஏறினான்.
"அண்ணா அசையாதேங்கோ."
நிருபனின் இடது தோளுக்குக் கீழால்
தன் கையை விட்டு நீட்டி, உயர்த்தினான்.
கமெரா கொஞ்சம் யோசித்தது.
பச்சை.

தோணி வலிக்கும் விளையாட்டு.
தோணி நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது.
"நான் இழுக்கேக்க இழு."
"அப்ப சொல்லுங்கோ."
"சொன்னால் பிந்திப்போம். என்ர மூச்சைக் கவனி."
ஏழெட்டு வட்டம்,
ஒரு பாறையில் மோதல்,
இரண்டு கெட்ட வார்த்தை.
பிறகு தோணி நேராகியது.
பெட்டிக்குள் வந்த புத்தகத்தில்
மூச்சைப் பற்றி ஒன்றும் இல்லை,
பிறகு தேடிப் பார்த்தேன்.

"கண்டியோ, பிடிக்கிற முறைதான் புதுசு," என்றான் டிலக்சன்.
"தண்ணி வடிவா இருந்தபடியால்தானே பாத்துக்கொண்டு நிண்டனி,"
என்றான் விதுசன்.
விடிய விடியக் கதைப்பார்கள்.

எனக்கு வேறு பிரச்சினை.
காசு ஒரு ஆளுக்கோ, ரெண்டு ஆளுக்கோ?
கமெரா ஒன்று என்கிறது.
கதிரையில் நின்று சாருகன் வேர்த்து வழிகிறான்.
பென்சிலைக் கொப்பியில் ஊன்றும்போது
கரண்ட் போனது,
மனிசியின் அட்டை மெசினுக்குள்.
இருட்டுக்குள்ளிருந்து நிருபன் சொன்னான்:
"ஒண்டரை எண்டு போடுங்கோ."