குளிர் செய்யாத குற்றம்

குன்னூரில் கிடார் சுதி இறங்கினால்
குளிர்தான் என்பேன்.
ஏழு டிசம்பராய் அதே சாக்கு.
போன கரோல் சுற்றில், பெட்ஃபோர்டு ஏற்றத்தில்,
மூன்றாம் வீட்டு வாசலில் இரண்டாம் கம்பி நழுவ
பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
கேக் தட்டை நீட்டிய எமரென்சியா டீச்சர்
"தொண்டைக்கு மிளகுப்பால் மாதிரி
அதுக்கு ஒண்ணுமில்லையா?" என்றார்.

இன்று புதுக் கம்பி. கோயம்புத்தூர் பஸ்ஸில் வந்தது.
பழையதைக் கழற்ற, ஃப்ரெட் ஓரமெல்லாம்
என் விரல் அழுக்கு.
நட்டுப் பள்ளத்தில் பென்சில் கரி தேய்த்தேன்,
கம்பி சிக்காமல் வழுக்கட்டும்.
முளையில் இரண்டரைச் சுற்று, மேலிருந்து கீழாக,
ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல்.
நானோ இத்தனை நாள்
கல்லட்டிச் சாலை போலச் சுற்றிவைத்திருந்தேன்,
முப்பத்தாறு கொண்டை ஊசி.

சுதி சேர்த்தேன். பன்னிரண்டாம் கட்டருகே
விரல் கொடுத்துத் தூக்கி இழுத்தேன்.
அரைச் சுரம் இறங்கியது.
ஏற்றினேன். இழுத்தேன். கொஞ்சம் இறங்கியது.
ஏற்றினேன்.
பதினோராவது தடவை
இறங்கவில்லை.
கூடிப்போனால் அப்படியே இறக்கி நிறுத்தக் கூடாது,
அடிவரை போய் மறுபடி ஏறி வர வேண்டும்.
இல்லையென்றால் முளையின் பற்களில்
இளக்கம் ஒளிந்துகொள்ளும்.
நுனி வெட்டுகையில் விரலில் ஒரு பொட்டு ரத்தம்.

ராத்திரி ஜன்னலைத் திறந்தே வைத்தேன், வேண்டுமென்றே.
கிடார் நாற்காலியில். நான் இரண்டு கம்பளிக்குள்.
விடியலில் வெலிங்டன் பக்கத்துப் புல்லெல்லாம் வெள்ளை.
ஆறு கம்பியையும் தட்டிப் பார்த்தேன்.
ஐந்து, வைத்த இடத்தில்.
ஆறாவதைக் குளிர் இறக்கவில்லை,
ஒரு மயிரிழை
ஏற்றியிருந்தது.

டீச்சர் வீட்டுக்கு
இப்போதே போகலாமா, பல் துலக்கிவிட்டா?