கடல் வானிலைக்கு முன்னால்

மரண அறிவிப்புக்குச் சொல் கணக்கில் கட்டணம்.
அம்மா இருந்திருந்தால் பாதியை வெட்டியிருப்பாள்.
'பாசமிக்க' என்று எழுதினான் ஸ்டெய்ன்டோர்.
நான் அடித்தேன். மறுபடி எழுதினான். மறுபடி அடித்தேன்.
கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:
டீர்ஃபின்னா ஹால்ஸ்டோட்டிர், தொண்ணூற்றாறு வயது,
தாய், பாட்டி, ஹெர்ரிங் உப்பிட்டவள்.

மலை பின்னாலிருந்து தள்ள, கடல் முன்னாலிருந்து தள்ள,
நடுவில் ஒடுங்கி நின்ற ஊர் எங்களுடையது.
ஜூலையில் இரவே வராது.
படகின் சங்கு கேட்டால்
கடித்த ரொட்டியை மேசையில் போட்டுவிட்டு ஓடுவாள்.
தலைக்கு ஒரு வெட்டு, குடலுக்கு ஓர் இழுப்பு,
ஒரு வரிசை மீன், ஒரு கை உப்பு.
பீப்பாய் நிறைந்ததும் கத்துவாள்.
மேஸ்திரி வந்து அவள் பூட்ஸுக்குள்
ஒரு தகர வில்லையைப் போட்டுவிட்டுப் போவார்.
கையெல்லாம் செதிலும் சளியும்,
கூலி வாங்கக் காலைத்தான் நீட்ட வேண்டும்.

விடியாமலே விடிந்த காலையில்
சலங்கை கட்டியவள் போல வீட்டுக்கு வருவாள்.
அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்
இந்த மாதம் எனக்குக் கோட்டு உண்டா இல்லையா என்று.

என்னை விட்டுப் போக ஆளில்லை.
காலிப் பீப்பாய் ஒன்றில் இறக்கி நிறுத்திவிடுவாள்.
தலைக்கு மேல் வட்டமாய் வானம்,
நடுச்சாமத்திலும் வெளுத்துக் கிடக்கும்.
அவ்வப்போது அதில் அவள் முகம் எட்டிப் பார்க்கும்:
"இருக்கியா?"
இருந்தேன். வேறெங்கே போக.
பலகையை நக்கினால் உப்புக் கரித்தது.

அறுபத்தெட்டில் மீன் வரவில்லை.
அடுத்த வருடமும்.
அழுதவர்கள் இருந்தார்கள், ஊரை விட்டுப் போனவர்கள் இருந்தார்கள்.
அம்மா நீச்சல்குளத்து ஜன்னலில் உட்கார்ந்து
டிக்கெட் கிழித்தாள், இருபத்திரண்டு வருடம்.
சொந்தப் பேரனுக்கும் ஓசி கிடையாது.

என் கணவரை அவளுக்குப் பிடிக்கவில்லை.
பதினோரு வருடம் 'அந்தத் தெற்கத்தி ஆள்'.
பன்னிரண்டாம் வருடம் தபாலில் ஒரு ஸ்வெட்டர் வந்தது,
கடிதம் இல்லாமல்.
கை அளவு கச்சிதமாக இருந்தது.
எப்போது அளந்தாள் என்று இன்றுவரை தெரியாது.

ஒர்ரியைக் கடல் கொண்டுபோனது ஒரு பிப்ரவரியில்.
அதற்கு முன்னும் கேட்டாள், பின்னும் கேட்டாள்,
ரெய்க்யாவிக் வானொலியின் கடல் வானிலை.
எங்கள் ஆள் ஒருவர்கூடக் கடலில் இல்லாத வருடங்களிலும்
அந்த நேரத்தில் வீடு மூச்சுவிடக் கூடாது.
வாயில் சுடச்சுட உருளைக்கிழங்கோடு
பதினான்கு பேரப்பிள்ளைகளும் சிலையாய் நிற்பார்கள்.
ஸ்னைடிஸ்தான் ஒருமுறை கேட்டாள்:
"யாருக்காக இது, பாட்டி?"
"யாராவது பெத்த பிள்ளை இருப்பான்ல" என்றாள்,
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி.

முதியோர் இல்லத்தில் தாதி குறை சொன்னாள்:
மாத்திரையை விழுங்குவதில்லை,
ஒவ்வொன்றாகச் செருப்புக்குள் போட்டுக்கொள்கிறார்.
நானும் ஸ்டெய்ன்டோரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
தாழ்வாரத்துக்கு வந்து சிரித்தோம்,
சிரித்துக்கொண்டே அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.
அன்று சாயங்காலம் அவள் செருப்பைக் கவிழ்த்து
மூன்று வெள்ளை, இரண்டு மஞ்சள் என்று எண்ணி,
"நல்ல நாள்" என்றேன்.
தலையாட்டினாள்.
என் பெயர் அதற்குள் அவளுக்குப் போய்விட்டிருந்தது.
கூலி நினைவிருந்தது.

இன்று மதியம் அவளுடைய சமையலறையில் எல்லோரும்.
இடமில்லாமல் ஜன்னல் திண்டிலும் ஆட்கள்.
மூடுபனியைப் பற்றிச் சொல்லும் அதே குரல்
அவள் பெயரைச் சொன்னது.
ஒரு சொல் கூடுதலாக வந்தது: 'பாசமிக்க'.
ஸ்டெய்ன்டோர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான்.
தன் கைக்காசு என்று பிறகு சொன்னான்.

அடுத்துக் கடல் வானிலை.
வடக்குக் கரை, வடகிழக்குக் காற்று,
நொடிக்கு எட்டு மீட்டர், பார்வைக்குத் தடையில்லை.
யாரும் அணைக்கவில்லை.
ஸ்னைடிஸின் கைக்குழந்தை மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தது,
நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில்
"உஷ்ஷ்" என்றோம்.