மாவு டப்பா மூடிக்குள் ஒட்டிய தாள்

லெர்விக் போகும் இரவுக் கப்பல்.
குறுக்கெழுத்துக்கு நான் குறித்துவைத்தவை:

மாலுமி என்றால் தார், ஜாக், ஏபி.
ஃப்ளவர் என்றால் பூ இல்லை,
ஓடுகிற ஏதோ ஒரு நதி.
குடிவெறி, புயல், உடைசல், சாலட்
எது வந்தாலும்
பக்கத்துச் சொல்லைக் கலைத்துப் போடு.

முப்பது வருடமாகக் கடலில்தான்.
ஒருவனும் என்னைத் தார் என்றதில்லை.
"ஸ்வெய்ன், முட்டை ரெடியா?"
அவ்வளவுதான்.

ஃபேர் தீவருகே அலை தூக்கியடித்தது.
கரண்டி, உப்பு, பென்சில், நான்
எல்லாரும் இடம் மாறினோம்.
விடையாக எதுவும் சேரவில்லை.

தரையில் கிடந்த மூடியை எடுத்தேன்.
கடைசி வரி:
பழைய காதல், இரண்டெழுத்து, எக்ஸ்.
அருகே ரோனாவின் பச்சை மை:
"இதைக்கூடவா எழுதிவைக்கணும்?"

எழுதியபோது
அவள் என் மனைவி.