இடது காது

எங்கள் ஐந்து பேருக்கும் அது சீட்டு மாதிரி.
மாதம் ஒருவர் எடுப்பார்,
பணத்தை அல்ல, ஒரு ஆல்பத்தை.
மற்ற நாலு பேரும் கேட்டே தீர வேண்டும்,
பிடிக்காவிட்டாலும், முழுசாக, வரிசை மாற்றாமல்.
கடைசி ஞாயிறு மூணாறு தலைப்பில்,
வெண்ணாறு பிரிகிற மதகுக்கு மேலே,
பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்.
காரணமும்.
'சும்மா நல்லாருக்கு' செல்லாது.

மார்க் நோட்டு மைதீன் பிச்சையிடம்.
கூத்தாநல்லூரில் மருந்துக்கடை;
மாத்திரைக் கம்பெனி கொடுத்த டைரி,
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
அஜீரணத்துக்கு ஒரு விளம்பரம்.

தையில் வைரக்கண்ணுவின் முறை.
அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்.
அவர் எடுத்தால் தவில் இருக்கும்,
மெஷினை மீறிக் கேட்க வேண்டுமே.
இந்த முறை என்னவோ
ஏழே பாட்டு. ஒரு பெண் குரல், ஒரு வயலின்.
தாளத்துக்குக்கூட ஆள் இல்லை.
ஏது இது என்றோம்.
கூலி பாக்கிக்குப் பதிலா ஒருத்தர் கொடுத்தது என்றார்.
நம்பினோம்.

நான் கொள்முதல் நிலையத்தில் கேட்டேன்,
மூட்டை அடுக்கின் மறைவில்,
ஈரப்பதக் கருவி மடியில்.
பதினேழைத் தாண்டினால் நெல்லைத் திருப்பி அனுப்பலாம்.
பாட்டுக்கு அப்படி ஒன்று இல்லாதது
யாருக்கு நல்லது, தெரியவில்லை.
ஆறு போட்டேன்.

குஞ்சிதபாதம் கேஸ் வண்டியில் கேட்டார்,
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்.
கேட் மூடினால் இரண்டு பாட்டு,
இன்ஜின் மாற்றினால் மூன்று.
நாலாவது பாட்டில் கூட்ஸ் வண்டி பிரமாதம் என்றார்.
ஐந்து.
மைதீன் பிச்சை, யோசித்து, ஏழு.

ஜெயசீலி ஒன்பதரை.

டைரியில் அதுவரை ஒன்பதே விழுந்ததில்லை.
திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்,
ஏழுக்கு மேல் கை நீளாதவள்.
"தனியாப் பாடுறா," என்றாள்.
"யாரும் பதில் சொல்லல.
ஒவ்வொரு வரி முடிஞ்சதும்
அவ்வளவு நேரம் சும்மா இருக்கா.
அந்தச் சும்மாவுக்குத்தான் மார்க்."

சும்மாவா?
வரி முடிந்த இடத்தில்தானே
வயலின் வந்து கொட்டுகிறது!
எனக்கு அலுத்ததே அங்கேதான்.

"எந்த வயலின்?" என்றாள்.

மேட்டூரை மூடி ஒரு வாரம்.
மதகுக்குக் கீழே குட்டை குட்டையாகத் தண்ணீர்,
ஒரு கொக்கு, ஒற்றைச் செருப்பு.
குஞ்சிதபாதம் அவள் இயர்போனை வாங்கி
வலதை மட்டும் காதில் செருகினார்.
உதட்டைப் பிதுக்கினார்.
ஒயர் கழுத்தருகே நைந்து போயிருந்தது.
எத்தனை மாசமா?
தெரியாது.
வார்டில் ஒரு காதுதான் பாட்டுக்கு,
மற்றது எப்போதும் கட்டில்களுக்கு.

மைதீன் பிச்சை டைரியைப் பின்னால் புரட்டினார்.
மார்கழி, கார்த்திகை, ஐப்பசி.
அவள் போட்டதெல்லாம் பாதிப் பாட்டுக்கா?
அடித்துவிடலாமா என்று பேனாவைத் திறந்தார்.
"அப்ப அண்ணனோட அஞ்சுல
கூட்ஸ் வண்டிக்கு எவ்வளவு?"
பேனாவை மூடினார்.

புது இயர்போன் வாங்கிக் கொடுத்தோம்,
ஆளுக்கு நாற்பது ரூபாய்.
மாசியில் வந்தாள்.
கேட்டியா?
கேட்டேன்.
எத்தனை?
"ஆறு," என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"அந்த ஆளு நடுவுல நடுவுல வந்துட்டே இருக்காரு."

அன்றிரவு மூட்டைக் காவல் என் பொறுப்பு.
இடதைக் கழற்றிவிட்டு வலதில் மட்டும் கேட்டேன்.
கேள்வி இல்லாமல் பதில் மட்டும் வந்தது,
பக்கத்து வீட்டுப் போன் பேச்சு மாதிரி.
தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது.
ஏழாவது பாட்டில் ஒரு இடம்:
வில் நிற்கிறது,
வாசிக்கிறவர் மூச்சை இழுத்து
விடாமல் வைத்திருக்கிறார்.
அவள் முடிக்கட்டும் என்று.
இரண்டு காதிலும் கேட்டபோது
அந்த மூச்சு அங்கே இல்லை.

வலது, ஒன்பது என்று எழுதச் சொன்னேன்.
ஒரு ஆளு ஒரு ஆல்பத்துக்கு
ரெண்டு மார்க் போடக் கூடாது என்றார் மைதீன் பிச்சை.
இது வேற ஆல்பம் என்றேன்.
என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார்,
அஜீரண விளம்பரத்துக்கும் கீழே, ஓரத்தில்,
பென்சிலால் எழுதிக்கொண்டார்.