தொடக்க அளவு, உச்ச அளவு

மூன்றாவது முறையும்
அறுபத்தோரு சதவீதத்தில் நின்றுவிட்டது.
கழுத்துருவைத் தூக்கிய மாப்பிள்ளையின் கை
தூக்கியபடியே.
பெண்ணின் கழுத்துக்கு இன்னும் ஒரு சாண்.
நினைவகம் போதவில்லை என்று
ஒரு சாம்பல் பெட்டி வந்து
இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை அவர்களுக்குச் சிங்கப்பூர் விமானம்.
இன்று செவ்வாய், ராத்திரி பதினொன்றே கால்.
கோட்டையூரில் எங்கள் தெருவில்
எனக்கும் ஒரு நாய்க்கும் மட்டும் வேலை இருந்தது.

எட்டு ஜிபி ராம்.
தீபாவளிக்குப் பதினாறாக்க வைத்திருந்த காசு
டிரோன் றெக்கைக்குப் போய்விட்டது.
கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகட்டில்
துப்பாக்கியோடு நிற்கும் சுதைச் சிப்பாய்மீது
மோதிய றெக்கை.
அவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

இனி ஒரே வழி,
இல்லாத நினைவகத்தை
இருக்கிறதென்று கம்ப்யூட்டரை நம்பவைப்பது.
சிஸ்டம், அட்வான்ஸ்டு, செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு.
முகப்பு தாண்டி வளவு, வளவு தாண்டி இரண்டாங்கட்டு,
அதையும் தாண்டி அடுப்படி என்று
போய்க்கொண்டே இருக்கிறது.
கடைசிக் கதவில் ஒரு டிக்:
எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.
பார்த்த லட்சணம் போதும்,
எடுத்துவிட்டேன்.

சி டிரைவில் இரண்டு ஜிபிதான் மிச்சம்.
டி-யிடம் கேட்கலாம்.
கைமாத்து. வட்டி கிடையாது,
தாமதம் மட்டும் உண்டு.
தொடக்க அளவு 12288.
உச்ச அளவு 24576.
இடமில்லை என்றது டி.

என்னதான் வைத்திருக்கிறது?
தேனம்மை சொக்கலிங்கம் கல்யாணம்,
பாக்கி பதினெட்டாயிரம்; வரும்வரை அழிக்க மனசில்லை.
பள்ளத்தூர்க் காதுகுத்து,
முழுப் பணமும் வந்தது, ஆள் வரவில்லை.
புதுவயல் அரிசி ஆலைத் திறப்பு விழா,
ஆலையையே மூடிவிட்டார்கள்.
அப்புறம், 'நம்மது' என்று ஒரு ஃபோல்டர்.
முப்பத்தெட்டு ஜிபி.
ஒன்பது வருஷமாக எடிட் செய்யாதது.

தண்ணீர் குடிக்க எழுந்த பூமயில்
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"அதை எடுத்துருங்க.
நாமதான் ரெண்டு பேரும் இங்கன இருக்கோமே."

பென்டிரைவ் முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொள்ளும்,
இருபத்தொன்பதுதான் கொள்ளும்.
எதை விடுவது என்றேன்.
"மேடையை விடுங்க.
நின்னுக்கிட்டே இருந்தோம், அதுல என்ன இருக்கு.
பந்தியை வைங்க."

பந்தியில் அவள் தம்பி
ரச வாளியோடு சறுக்கி
விழுந்தும் ஒரு சொட்டு சிந்தாமல்
வாளியைத் தலைக்கு மேல் பிடித்திருக்கிறான்.
சத்தமில்லாமல் அதை மட்டும் நாலு தடவை பார்த்தோம்.
ஐம்பது நிமிஷம் நகலெடுத்தது.
பிறகு ஷிப்ட், டெலீட்.

அளவைப் போட்டதும்
செட் என்ற பொத்தானை அமுக்க வேண்டும்.
வெறும் ஓகே கொடுத்தால் ஒன்றும் நடக்காது,
திட்டவும் திட்டாது.
மூன்று வருஷம் அப்படித்தான் ஓகே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ரீஸ்டார்ட்.
அறுபது.
அறுபத்தொன்று.
தேங்காய் துருவுகிற மாதிரி
டி டிரைவ் கரகரத்தது.
சிவப்பு விளக்கு அணையவே இல்லை.
எங்கேயோ கொண்டுபோய் வைத்தது,
வைத்ததைத் தேடியது,
நாங்கள் நின்ற மேடை இருந்த
அதே இடமாகவும் இருக்கலாம்.
கை மெல்ல இறங்கியது.
அறுபத்திரண்டு.

காலையில் பூமயில் கேட்டாள், முடிஞ்சுதா?
முடிஞ்சுது.
பென்டிரைவ்?
சட்டைப் பையில.
சட்டை கொடியில்
சொட்டிக்கொண்டிருந்தது.

இப்போது அது அரிசி டின்னுக்குள் இருக்கிறது.
மூன்று நாள் வைத்தால் ஈரம் போய்விடுமாம்.
பதினோரு நாளாகிறது.
உலை வைக்க அளக்கும்போதெல்லாம்
விரலில் தட்டுப்படுகிறது என்கிறாள்,
தள்ளிவிட்டு அள்ளுகிறாள்.
செருகிப் பார்க்கலாமா என்று
இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.