கொண்டி உள்ள இடங்கள்

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
மழை விட்டும் கம்பிகளில் உப்பீரம்.
பஸ்னா நிலத்தில் வரைபடத்தை விரித்து
ஒரு மூலைக்கு ஹெல்மெட் வைக்கிறாள்,
மறு மூலைக்கு வடைப் பொதி.

அருவிகளை யாரும் காட்டித் தருவார்கள்.
நாங்கள் குறிப்பது வேறு:
அவிசாவளை பெற்றோல் செட், கதவு உண்டு, கொண்டி இல்லை.
கித்துல்கல தேத்தண்ணிக் கடை, கேட்டால் திறப்புத் தருவார்கள்.
கினிகத்தேனைக்குப் பிறகு
ஹட்டன்வரை ஒன்றும் தெரியாது.
அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு
அதற்குக் குடையும் பிடித்துவிட்டாள்.

"தண்ணி குடிக்காமல் ஓடலாம்."
"வளைவில தலை சுத்தினா?"
"அப்ப குடி."

என் அம்மாவுக்கு இது கண்டியில் பயிற்சிப் பட்டறை.
அவளுடைய வாப்பாவுக்கு உண்மை தெரியும்.
பேசாமல் இறங்கிப் போய்
செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தார்,
விரல்களைப் பழைய சாரத்தில் துடைத்தபடி.

நூற்றைம்பது சீசீ. இரண்டு கை மாறிய வண்டி.
ஏற்றத்தில் கொஞ்சம் இருமும் என்கிறாள்,
தன் சாச்சியின் இழுப்பைச் சொல்வதுபோல.

இரவு பத்து. காலி வீதியில் நடந்து வருகையில்
வலக்கை தன்பாட்டில்
இல்லாத அக்சிலேற்றரைத் திருகுகிறது.
சந்தியில் ஓட்டோக்காரர் தலையை நீட்டி
"எங்க போகணும்?" என்றார்.
"நுவரெலியா."
மீற்றரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு, விரல் மடித்து,
உண்மையாகவே கணக்குப் போடத் தொடங்கினார்.